கிதியோனேயின் கட்டைவிரல்

பசிபிக் கடலில் தோங்கா நாட்டின் ஹாபாய் தீவுகளில் லோதோஃபை கிராமத்துக் கிதியோனேயைத் தெரியாதவர்கள் கிடையாது. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று அவர் வளர்த்த பன்றி. மற்றது அவருடைய வலது கட்டைவிரல். பன்றிக்கு வருவதற்கு முன்னால் விரலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நடந்த எல்லாவற்றுக்கும் விரல்தான் காரணம் என்று அவரும், அந்த விரலுக்கு என்ன தெரியும் பாவம் என்று அவர் மனைவி லெசியெலியும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எதையாவது முடிவு செய்ய வேண்டி வந்தால் கிதியோனே வேதாகமத்தை மடியில் வைத்துக்கொள்வார். கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்வார். பிறகு கட்டைவிரலைத் தாள்களுக்கு நடுவே விட்டுத் திறப்பார். விரல் எந்த வசனத்தில் நிற்கிறதோ அதுதான் கர்த்தருடைய பதில். பதில் மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால் ஜெபத்தில் ஏதோ குறை என்று பொருள். இன்னொரு தடவை கண்ணை மூடுவார்.

கல்யாணமே அப்படித்தான் நடந்தது. தோங்கா மொழியில் லெசியெலி என்றால் ராகேல். இந்தப் பெண்ணைக் கட்டலாமா என்று இருபத்துநான்கு வயதில் விரலிடம் கேட்டார். முதல் தடவை யோபுவின் கொப்புளங்கள் வந்தன. இரண்டாம் தடவை நோவாவின் பேழைக்கு அளவு சொல்லும் இடம். மூன்றாம் தடவை ராகேலின் அக்கா லேயாள் வந்து நின்றாள். நெருங்கிவிட்டோம் என்று அவருக்கு உற்சாகம் பிறந்தது. ஆறாம் தடவை ராகேல் ஆட்டு மந்தையோடு கிணற்றடிக்கு வந்தேவிட்டாள். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து ஒரு நல்ல மூடில் இதை அவர் மனைவியிடம் சொன்னார்.

"அப்ப அஞ்சு தடவை கர்த்தர் வேணாம்னு சொல்லியிருக்கார்," என்றாள் லெசியெலி. "எங்கிட்ட அப்பவே சொல்லியிருந்தா நானும் யோசிச்சிருப்பேன்ல?"

லெசியெலி வேதம் படிக்கும் முறையே வேறு. விடிந்ததும் ஒரு அதிகாரம். ஆதியாகமத்தில் ஆரம்பித்து வெளிப்படுத்தலில் முடித்து, மறுநாள் காலை மறுபடியும் ஆதியாகமம். இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று மூன்று பக்கத்துக்குப் பெயராகவே வந்தாலும் ஒன்றையும் விடமாட்டாள். "பாவம், அவங்களும் பொறந்து வளர்ந்தவங்கதானே," என்பாள். முப்பது வருஷத்தில் முழு வேதத்தையும் ஒன்பது தடவை முடித்திருந்தாள். கிதியோனே ஒரு தடவைகூட முடித்ததில்லை. ஆனால் பிரசங்கியார் என்னவோ அவர்தான்.

கோயில் வாசலில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு தாள் ஒட்டுவார்கள். எந்த ஆராதனையில் யார் பிரசங்கம், எந்த வேதபாகம் என்று அதில் இருக்கும். தோங்காவில் அந்தத் தாளில் பெயர் வருவது லேசுப்பட்ட காரியமல்ல. பெயர் வந்தவன் தெருவில் நடக்கும்போது மரியாதை உடையாக இடுப்பில் கட்டிய பாயை ஒரு சுற்று இறுக்கிக்கொள்வான். கிதியோனேயின் பெயர் அதில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறது. வள்ளிக்கிழங்கு விளைச்சல் பொய்த்த வருஷங்களில்கூட அந்த ஒன்று பொய்த்ததில்லை.

இனிப் பன்றி. அதன் பெயர் கோலியாத்து. குட்டியாக இருந்தபோதே மற்ற குட்டிகளைத் தள்ளிவிட்டுத் தின்றதால் வைத்த, வேதத்து ராட்சதனின் பெயர். ஐந்து வருஷத்தில் அது பெயரையும் மிஞ்சி வளர்ந்துவிட்டது. சாய்ந்து படுத்தால் கவிழ்த்துப் போட்ட படகு மாதிரி இருக்கும். தினமும் பிற்பகல் கோயிலில் ஜெபத்துக்கு மரமுரசு அடிப்பார்கள். அடித்து முடித்ததும் கிதியோனே நான்கு தேங்காய்களை உடைத்து அதன் முன்னால் போட்டுவிட்டுத்தான் ஜெபத்துக்குக் கிளம்புவார். முரசின் முதல் அடி விழும்போதே கோலியாத்து எங்கிருந்தாலும் எழுந்துவிடும். "சபையில பாதிப் பேருக்கு இந்த ஒழுங்கு கிடையாது," என்று லெசியெலி சொல்வாள்.

வினை அக்டோபர் மாதத்தில் ஆரம்பித்தது. ஜனவரி முதல் வாரம் ஜெப வாரம். ஞாயிறு தொடங்கித் தினமும் ஜெபம், தினமும் ஒரு வீட்டார் ஊருக்கே விருந்து. யார் என்ன கொடுப்பது என்று பேசுவதற்கு ஆண்கள் கவா என்ற வேர்ப்பானக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சபையின் காரியதரிசி லெமெகி தொண்டையைச் செருமிக்கொண்டு, "புதன்கிழமை என்னோடது. ஒரு மாடு," என்றார்.

"மாலியே!" என்று நாலு பேர் குரல் கொடுத்தார்கள். நம் ஊர்க் கச்சேரியில் 'பலே' என்பது போல இங்கே மாலியே. நல்ல பேச்சோ நல்ல பாட்டோ காதில் விழுந்துவிட்டால் தோங்காக்காரர்களால் வாயைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது.

கிதியோனேக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. அன்றைக்கு விரலைக்கூடக் கேட்கவில்லை. சட்டென்று எழுந்து, "வெள்ளிக்கிழமை என்னோடது. கோலியாத்து!" என்று சொல்லிவிட்டார். பிறகு வந்தது பாருங்கள் ஒரு மாலியே, கூரைத் தகரம் அதிர்ந்தது. லெமெகியின் மாடு அந்த இடத்திலேயே கன்றுக்குட்டியாகிவிட்டது.

நவம்பரில் கப்பலில் வந்த வேளாண் அலுவலர் ஒருவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "அடேயப்பா, ஆகஸ்ட்டுல பெரிய தீவுல கண்காட்சி நடக்கும்போது இவனைக் கொண்டு வாங்க. முதல் பரிசு வேற யாருக்கும் போகாது," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கிதியோனேயின் காதில் ஒரு ஒலிபெருக்கி இரைய ஆரம்பித்தது. 'லோதோஃபை கிராமம், கிதியோனே!' என்று அது கூப்பிட்டது. கிழங்குக் கொடிக்குக் குச்சி நடும்போதும் கூப்பிட்டது. ஜெபத்தில் தலை குனிந்திருக்கும்போதும் கூப்பிட்டது.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், விரலிடம் போனார்.

முதல் திறப்பில் லேவியராகமம் பதினொன்று. பன்றி அசுத்தமானது, அதன் மாம்சத்தைத் தின்னக் கூடாது என்ற இடம். கிதியோனே துள்ளி எழுந்து சமையல் கொட்டகைக்கு ஓடினார்.

"லெசியெலி! இங்க பாரு! பன்னிய விருந்துக்குக் கொடுக்கவே கூடாதாம்! கர்த்தரே சொல்லிட்டார்!"

லெசியெலி சேம்பிலையில் தேங்காய்ப்பாலை ஊற்றி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நல்லதாப் போச்சு. அப்ப இன்னையிலேர்ந்து நீங்களும் தின்ன வேணாம். நேத்து மிச்சத்த நாய்க்குப் போட்டுடறேன்."

கிதியோனே நேற்றைய மிச்சத்தைப் பார்த்தார். மொறுமொறுப்பான தோல் அப்படியே இருந்தது.

"அது... அது பழைய ஏற்பாடு," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

இரண்டாம் திறப்பில் மத்தேயு இரண்டு. ஏரோது ராஜா பிள்ளை இயேசுவைக் கொல்லத் தேடுகிறான், எழுந்து அவனை எகிப்துக்குக் கொண்டுபோய், நான் சொல்லும்வரை அங்கேயே வைத்திரு என்று தூதன் யோசேப்புக்குச் சொப்பனத்தில் சொல்லும் இடம். கிதியோனேயின் உடம்பு சிலிர்த்தது. புதிய ஏற்பாடு. இரண்டாம் தடவையிலேயே வந்துவிட்டது. இதைவிடத் தெளிவாக எந்த மனிதனுக்குக் கர்த்தர் பேசியிருக்கிறார்? கொல்லத் தேடுகிறவர்கள் யார் என்பதும் தெரிந்ததுதான், ஊர் முழுக்க. எகிப்து எது? கரைக்கு எதிரே, பவளத்திட்டுக்கு அப்பால், தென்னையும் தாழையுமாக ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அங்கே யாரும் குடியில்லை.

ஊரார் கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்யப் போயிருந்த புதன்கிழமை காலையில் மனைவியின் தம்பி ஹாவியாவின் படகில் கோலியாத்து எகிப்துக்குப் பயணமானது. ஹாவியா மீன்பிடிக்கிறவன், அதிகம் கேள்வி கேட்காதவன். படகு தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்ந்ததைப் பார்த்த பிறகுதான் கேட்டான்.

"அத்தான், இது எதுக்குன்னு அக்காவுக்குத் தெரியுமா?"

"இது ஆவிக்குரிய காரியம் மச்சான். துடுப்பப் போடு."

"ஆவிக்குரியதா? நாத்தம் அப்படித் தெரியலையே." கொஞ்ச தூரம் துடுப்புப் போட்டான். "இன்னொண்ணு. ஞாயித்துக்கிழமை அமாவாசை. தண்ணி எக்கச்சக்கமா வத்தும்."

கிதியோனே கிழங்குக்காரர். அமாவாசை என்றால் அவருக்கு நடவு பற்றித்தான் ஞாபகம் வரும். "வத்தட்டும். வத்தறது கடலோட வேலை," என்றார்.

கோலியாத்து படகின் நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்து இரண்டு பக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது. தீவில் ஒரு தென்னையில் காலைக் கட்டி, மூட்டைத் தேங்காயை உடைத்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.

வியாழக்கிழமை லெமெகியிடம் போய் கிதியோனே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். "கோலியாத்துக்கு உடம்புக்கு ஆகல. ரெண்டு நாளா எதையும் தொடல. காட்டுப் பக்கம் போனவன் திரும்பல. சாகத்தான் போயிருப்பான்னு நினைக்கிறேன். வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு சின்னது தர்றேன்."

லெமெகி கேலி செய்வார் என்று எதிர்பார்த்து அதற்குப் பதிலும் தயார் செய்து வைத்திருந்தார். ஆனால் லெமெகியின் கண் கலங்கிவிட்டது. கிதியோனேயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அண்ணே, உங்க மனசு என்ன பாடுபடும். என் மாட்டுக்கு இப்படி வந்தா நான் தாங்க மாட்டேன். சபையில சொல்லி ஜெபிப்போம்ணே," என்றார்.

"பன்னிக்கு எதுக்கு ஜெபம்..."

"ஏன்? அதுவும் படைப்புத்தானே?"

அன்று மாலை லெசியெலி தேங்காய் நார் உரித்துக்கொண்டே சொன்னாள். "ஹாவியா படகு முழுக்கப் பன்னிச் சாணி. கழுவிக்கிட்டிருக்கான்."

கிதியோனே கீழே கிடந்த நாரைப் பொறுக்கி ஒதுக்க ஆரம்பித்தார்.

"ஏரோது எப்பச் சாவான்னு விரல் ஏதாவது சொல்லுச்சா?"

கிதியோனேக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும், மத்தேயு ரெண்டுன்னு?"

"கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க நம்ம வேதாகமத்த அந்த இடத்துல விரிச்சு, மேல உங்க மூக்குக்கண்ணாடிப் பெட்டிய வச்சது நான்தானே. புத்தகத்தோட முதுகு அங்க வளைஞ்சு போச்சு. இப்ப ஆடு முட்டினாக்கூட அங்கதான் திறக்கும்."

அவள் அவ்வளவுதான் சொன்னாள். போய்ப் பன்றியைக் கொண்டு வா என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கிதியோனே வேதாகமத்தை எடுத்து, விரலை விடாமல், மேஜையில் நிமிர்த்தி வைத்துக் கையை எடுத்தார். அது தானாகப் பிளந்து எகிப்தைக் காட்டியது. மூடி வைத்துவிட்டு, 'கர்த்தர் கண்ணாடிப் பெட்டி மூலமாகவும் பேசுவார்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அதைச் சொன்ன குரல் அவருக்கே அவ்வளவு பிடிக்கவில்லை.

சனிக்கிழமை தீவுக்குப் போய்த் தேங்காய் போட்டுவிட்டு வர நினைத்திருந்தார். காலையிலேயே லெமெகி வந்து, முதல் விருந்துக்கு அடுப்புக் குழி வெட்டக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம்வரை குழி, கல், விறகு. ஞாயிற்றுக்கிழமையோ தோங்காவில் ஒரு படகும் கடலில் இறங்காது. இறக்கினால் போலீசே வரும். ஆக, கோலியாத்து பட்டினி.

ஞாயிறு காலை ஆராதனையில் போதகர் ஃபிலிமோனே நோயாளிகளுக்காக ஜெபித்தார். பிரயாணம் போனவர்களுக்காக ஜெபித்தார். கடைசியில், "நம்முடைய சகோதரன் கிதியோனே விருந்துக்கென்று மனப்பூர்வமாக நேர்ந்துகொண்ட மிருகத்தையும் நினைத்தருளும் கர்த்தாவே," என்றார். சபை முழுக்க ஆமென் என்றது. கிதியோனேயின் ஆமென் தொண்டையிலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

பிற்பகல் ஆராதனைக்கு அவர்தான் பிரசங்கி. வேதபாகம் அக்டோபரிலேயே தாளில் அச்சாகி வாசலில் ஒட்டியாகிவிட்டது. முதலாம் சாமுவேல் பதினைந்து. அமலேக்கியரின் ஆடுமாடு எதையும் மிச்சம் வைக்காதே என்று கர்த்தர் சவுல் ராஜாவுக்குச் சொல்ல, சவுல் நோஞ்சான்களை அழித்துவிட்டுக் கொழுத்ததையெல்லாம் ஒதுக்கி வைத்துக்கொண்ட கதை. கிதியோனே அதை முந்தின நாள்தான் கவனித்தார். லெமெகியிடம் போய் வேறு பாகம் எடுக்கலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். "தாள்ல போட்டது போட்டதுதாண்ணே," என்று லெமெகி சொல்லிவிட்டார்.

முரசு அடித்தார்கள். கோயில் நிரம்பியது. வெளியே கடல், பவளத்திட்டின் முதுகெலும்பு தெரிகிற அளவுக்கு வற்றிக் கிடந்தது. மேடை ஏறும் அவசரத்தில் கிதியோனே அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

சத்தமாகத்தான் ஆரம்பித்தார். சவுலின் உயரம், சவுலின் சேனை. 'கர்த்தர் சொன்னதைச் செய்துவிட்டேன்' என்று சவுல் சாமுவேலிடம் மார்தட்டும் இடம் வந்தது. அதற்கு அடுத்த வசனத்தில்தான் சாமுவேல், அப்படியானால் என் காதில் விழுகிற இந்த ஆட்டுச் சத்தமும் மாட்டுச் சத்தமும் என்ன என்று கேட்கிறான். கிதியோனே விரலை இரண்டு வசனம் கீழே இறக்கி வைத்துவிட்டு மேலே போனார்.

வெளியிலிருந்து ஒரு உறுமல் வந்தது.

அவர் தாண்டிப் போன வசனத்தைக் கோலியாத்து வந்து படித்தது.

பக்கவாட்டு வாசலில் முதலில் மூக்கு தெரிந்தது. பிறகு தலை, பிறகு வெகுநேரத்துக்கு உடம்பு. முழுக்க நனைந்து, காதில் கடற்பாசி தொங்க, பின்னங்காலில் அறுந்த கயிற்றை இழுத்துக்கொண்டு அது நடுப்பாதையில் நடந்து வந்தது. முரசு அடித்து அரைமணி நேரமாயிற்று, தேங்காய் எங்கே என்று கிதியோனேயை நிமிர்ந்து பார்த்தது.

"உயிரோட இருக்கான்!" என்று கத்தினார் லெமெகி. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு பாய்ந்து பன்றியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். "காலையிலதான் ஜெபிச்சோம்! காலையிலதான்யா!"

முன்வரிசையில் இருந்த பிசிலா அத்தை, ஊரிலேயே பெரிய குரல் அவளுக்குத்தான், ஸ்தோத்திரப் பாட்டை எடுத்துவிட்டாள். தோங்காவில் ஒருவர் பாட்டை எடுத்துவிட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஆண்குரல் ஒரு பக்கம், பெண்குரல் ஒரு பக்கம், ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. போதகர் ஃபிலிமோனே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கிதியோனே மேடையில் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாழ்நாளெல்லாம் அடையாளம் தேடிய மனிதர் அவர். இப்படி ஒரு அடையாளம் அவருக்கு வந்ததே இல்லை. ஊரே சேர்ந்து அவர் கையில் கொண்டுவந்து வைத்தது. ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பொய் மறைந்துவிடும். ஜெபத்தால் பிழைத்து வந்த மிருகத்தை யார் அடுப்பில் வைக்கச் சொல்லப் போகிறார்கள்? ஆகஸ்ட் வரும், ஒலிபெருக்கி கூப்பிடும். தாளில் பெயர் இன்னும் இருபது வருஷம் இருக்கும்.

பெண்கள் பக்கம் பார்த்தார். எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள். லெசியெலி மட்டும் பாடவில்லை. மடியில் தன் வேதாகமத்தை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்ததும் அவர் கையை உயர்த்தினார்.

"சகோதரரே!" என்றார், குரல் தழுதழுக்க. "சவுல் யார்? சவுல் வேறு யாரோ அல்ல. நானே சவுல்! நானும் கொழுத்ததை ஒளித்துவைத்தவன்! என் இருதயத்தின் ஓரத்தில் ஒரு தீவு உண்டு, அங்கே நான் பிரியப்பட்டதைக் கட்டிப்போட்டேன்!"

"மாலியே!" என்றது சபை. "மாலியே, மாலியே!" பிசிலா அத்தை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னமாச் சொல்றார்யா, இருதயத்துல தீவாமே!" என்று பக்கத்தில் இருந்தவளை இடித்தாள்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்த மாலியே கிதியோனேக்கு இதமாகத்தான் இருந்தது. சொல்லியாயிற்று. ஒப்புக்கொண்டாயிற்று. அவர்கள் புரிந்துகொள்ளாவிட்டால் அவர் என்ன செய்வது? இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு நல்ல பிரசங்கம் அமைந்ததே இல்லை. முடித்துவிடலாம் என்று வேதாகமத்தை மூடக் கை வைத்தார். அதிகாரத்தின் கடைசிப் பகுதி கண்ணில் பட்டது. அதுவரை அவர் படித்திராத பகுதி. தனக்கு வேண்டிய வரி கிடைத்ததும் நிறுத்திவிடுகிற பழக்கம் அவருக்கு.

அங்கே சவுல் பாவம் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறான். அடுத்த மூச்சிலேயே, ஆனாலும் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் என் மரியாதையைக் காப்பாற்றிவிடு என்று சாமுவேலிடம் கெஞ்சுகிறான்.

கிதியோனே அதை இரண்டு தடவை படித்தார். விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். விரல் மேஜை விளிம்பில் இருந்தது. இந்த வசனத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. பிடிக்கவும் இல்லை. அதனால்தான் இது தனக்கு என்று முதல் தடவையாக அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

"இல்ல," என்றார். பிரசங்கக் குரல் போய்விட்டது. கிழங்கு விலை கேட்கிறவரின் சாதாரணக் குரல் வந்தது. "நான் சொன்னது சரியில்ல. பன்னிக்கு உடம்பெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. புதன்கிழமை காலையில நீங்க எல்லாம் இங்க புல்லு வெட்டிக்கிட்டிருந்தப்ப, எதிர்த் தீவுக்குக் கொண்டுபோய் நான்தான் கட்டினேன். கண்காட்சிப் பரிசுக்கு ஆசைப்பட்டு. லெமெகிகிட்ட சொன்னது பொய்."

பிறகு பிசிலா அத்தை நீளமாகப் பெருமூச்சு விட்டாள்.

"எவ்வளவு தாழ்மை! கர்த்தர் செஞ்ச அற்புதத்துல தனக்குப் பேர் வரக்கூடாதுன்னு தன் மேலேயே பழியப் போட்டுக்கறார் பாரு!"

"மாலியே!" என்றார்கள் பின்வரிசையில்.

"அத்தை, நிஜமா..."

"எங்களுக்குத் தெரியாதா உங்கள? இருபத்திரண்டு வருஷமாக் கேக்கறோம்!"

அப்போது லெசியெலி எழுந்தாள். இடுப்புப் பாயைச் சரி செய்துகொண்டாள். அவள் கோயிலில் எழுந்து பேசி ஒருவரும் கேட்டதில்லை.

"அவர் பிரசங்கம் பண்ணல," என்றாள். "உண்மையச் சொல்றார். எனக்கும் ரெண்டு மூணு நாளாத் தெரியும். நானும் சொல்லல."

உட்கார்ந்துவிட்டாள்.

லெமெகி பன்றியின் கழுத்திலிருந்து மெதுவாகக் கையை எடுத்தார். குனிந்து அதன் காலில் இருந்த கயிற்றைத் தூக்கிப் பார்த்தார்.

"இது படகுக் கயிறாச்சே. ஹாவியா?"

ஹாவியா தூணுக்குப் பின்னால் நகரப் பார்த்தான். தூண் ஒல்லி, அவன் குண்டு. "படகு என்னோடதுதான் மாமா. ஆவிக்குரிய காரியம்னு அத்தான் சொன்னார். அமாவாசைன்னு நான் எச்சரிச்சேன், வேணும்னா அவரையே கேளுங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். அடக்கிக்கொள்ளத்தான் பார்த்தார், முடியவில்லை. அது வரிசை வரிசையாகப் பரவியது. பன்றி அதற்குள் மேடைப்படியில் ஏறிக் கிதியோனேயின் இடுப்புப் பாயின் ஓரத்தை மெல்ல ஆரம்பித்திருந்தது. லெமெகி மட்டும் சிரிக்கவில்லை.

"நான் அழுதேண்ணே," என்றார். "வியாழக்கிழமை உங்க கையப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்."

கிதியோனே மேடையை விட்டு இறங்கி வந்தார். பன்றியும் இறங்கியது. "தெரியும்," என்றார். "அதுதான் எனக்கு அசிங்கமா இருக்கு. மத்ததெல்லாம் அப்புறம்தான்." அதற்கு மேல் ஏதோ அழகாகச் சொல்ல வந்தது. சொல்லாமல் நின்றார். லெமெகி குனிந்து பன்றியின் காலிலிருந்து கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார்.

ஆராதனைக்குப் பிறகு போதகர் ஃபிலிமோனே அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "ரெண்டு தாள் உங்க பேர் வராது. ஆறு மாசம். விதி அப்படி."

"சரிங்கய்யா."

"அந்த ஜெபத்தத்தான் என்ன பண்றதுன்னு தெரியல. கணக்குல சேத்துக்கலாமா கூடாதா..." போதகர் யோசித்தார். "பன்னி நல்லாத்தானே இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்குங்கய்யா."

"அப்ப கேட்கப்பட்டதுன்னு வச்சுக்குவோம்."

பிசிலா அத்தை அவர்களை விடவில்லை. வாசலிலேயே காத்திருந்தாள். "ஐயா, தானா நடந்து கோயிலுக்கு வந்த ஜீவனை எப்படியா வெட்டறது? இதுவும் ஒரு அடையாளம்தான். ரெண்டு சின்னது போதும், இவனை விட்டுடுங்க." அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். போதகரும், "உங்க இஷ்டம் கிதியோனே. யாரும் குறை சொல்ல மாட்டாங்க," என்றார்.

ஒலிபெருக்கி ஒரு தடவை, மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தது.

"அடையாளமெல்லாம் போதும் அத்தை," என்றார் கிதியோனே. "வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமை விருந்தில் நீளப் பந்தியின் நடுவில், வாழையிலைமேல் கோலியாத்து பொன்னிறமாகப் படுத்திருந்தது. விருந்து கொடுக்கிற வீட்டார் உட்கார மாட்டார்கள். விருந்தாளிகளுக்குப் பின்னால் நின்று ஈ ஓட்டுவார்கள். கிதியோனே தென்னோலை விசிறியோடு நின்று, ஐந்து வருஷம் வளர்த்ததன்மேல் ஈ உட்காராமல் பார்த்துக்கொண்டார். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நன்றி சொல்லிப் பேசினார்கள். எல்லாப் பேச்சிலும் ஒரு தடவையாவது சவுல் வந்தான், எகிப்து வந்தது, அமாவாசை வந்தது. ஒவ்வொரு தடவையும் மாலியே. லெமெகி கடைசியில் எழுந்தார். "என் மாடு கொஞ்சம் ஒல்லிதான்," என்றார். "ஆனா கோயிலுக்கு வந்து பேசல." அன்றைக்கு அதற்குத்தான் பெரிய மாலியே. கிதியோனேயே சேர்ந்து சொன்னார்.

எல்லாரும் எழுந்த பிறகு லெசியெலி ஒரு இலையில் கொஞ்சம் தோல் எடுத்து வந்து கொடுத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஒரு துண்டு வாயில் போட்டார். பிறகு இலையை வாங்கிக்கொண்டார்.

"எப்படி?"

"பரிசு கிடைச்சிருக்கும்," என்றார் கண் கலங்க.

ஆறு மாதமும் பின்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் பிரசங்கத்தைக் கேட்டார். அது பெரிய தண்டனை என்று சொல்லமுடியாது, லெமெகி பிரசங்கம் செய்த நாட்களைத் தவிர. காலையில் லெசியெலியோடு உட்கார்ந்து ஆதியாகமத்திலிருந்து தினம் ஒரு அதிகாரம் படித்தார். அவள் அப்போது எசேக்கியேலில் இருந்தாள். அவருக்காக விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். பெயர்ப் பட்டியல் வரும்போது அவர் நைசாகப் பக்கத்தைத் தள்ளப் பார்ப்பார். அவள் கை வந்து தாளில் உட்காரும்.

ஆகஸ்ட்டில் நியாயாதிபதிகளுக்கு வந்தார்கள். அவருடைய பெயர்க்காரன் கிதியோனின் கதை. ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு அடையாளம் கேட்ட கிதியோனை அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். அந்தப் பெயரை வைத்ததற்காகத்தான் இத்தனை வருஷம் தானும் அடையாளம் கேட்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அதற்குப் பிறகு நடந்ததை அவர் படித்ததில்லை. போரில் ஜெயித்த பிறகு அந்த ஆள் கொள்ளையில் வந்த பொன்னையெல்லாம் வாங்கி உருக்கி, ஊருக்கு நடுவில் ஒரு பகட்டான பொருளைச் செய்து வைத்ததும், அதுவே அவன் வீட்டுக்குக் கண்ணியாகப் போனதும் அன்றைய பாகத்தில் வந்தது.

"இப்படி முடியுதா?" என்றார் கிதியோனே. "என் அப்பா அம்மா இது தெரிஞ்சா இந்தப் பேர வச்சாங்க?"

"அவங்களும் பாதியிலேயே நிறுத்திட்டாங்களோ என்னமோ," என்றாள் லெசியெலி.

அப்போது ஹாவியா வேலிக்கு வெளியே நின்று கத்தினான். பெரிய தீவுக்குப் போயிருந்தவன் கப்பலில் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தான். கண்காட்சியில் முதல் பரிசு வவாவு தீவுக்காரன் ஒருவனுக்காம். "நானே பாத்தேன் அத்தான். கோலியாத்துல பாதிதான் இருக்கும்! பாதி!"

கிதியோனே படித்த பக்கத்தில் நாடாக் குறியை வைத்தார். "நல்லாச் சமைக்கச் சொல்லு," என்றார்.

புதுத் தாள் வாசலில் ஒட்டியாகிவிட்டது. அவர் பெயரும் இருந்தது, அடியில், சின்ன எழுத்தில். என்ன பாகம் என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து வேதாகமத்தை மேஜையில் வைத்தார். அது இப்போதெல்லாம் எகிப்துக்குப் போவதில்லை. அன்றைக்கு மேடையில் வியர்த்த கையால் அழுத்திப் பிடித்த இடத்தில் தாள் சுருங்கிப்போய், எப்போது வைத்தாலும் முதலாம் சாமுவேல் பதினைந்தில்தான் பிளந்துகொள்கிறது. சவுல் எட்டிப் பார்த்தான்.

"இரு," என்றார் கிதியோனே. "உன் முறை அடுத்த மாசம்." நியாயாதிபதிகளில் நாடாக் குறி வைத்த இடத்துக்குப் பக்கத்தைத் திருப்பினார்.